கதவுப் பூட்டு மக்கர் செய்கிறதா? மரத்தில் விழுந்த தடத்தைப் பாருங்கள்

புதுப் பூட்டு மாட்டி முடித்து, சாவியைப் போட்டுத் திருப்பினால் அரைச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. உடனே திட்டு வாங்குவது பூட்டுதான். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் கையில் வைத்துத் திருப்பிக் காட்டுவார். வெண்ணெய் மாதிரி ஓடும். திரும்பி வந்து மாட்டினால் மறுபடியும் அதே கதை. நானும் இப்படி அலைந்திருக்கிறேன். பல கதவுகளைக் குடைந்த பிறகு புரிந்தது இதுதான்: புதுப் பூட்டு முரண்டு பிடித்தால், அநேகமாகத் தவறான உளியோ தவறான டிரில் பிட்டோ மரத்தில் விட்டுப்போன வேலை அது. அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்தால் எந்தக் கருவியை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எதையும் கழற்றும் முன்

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். திறந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, மூடினால் மட்டும் மாட்டவில்லை என்றால் கோளாறு நிலையில். திறந்திருக்கும்போதே இறுகினால், முகத்தட்டின், அதாவது கதவின் விளிம்பில் தெரியும் பூட்டின் தட்டின், இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு சுற்று தளர்த்திவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது ஓடினால் பூட்டுப்பெட்டி போகும் பள்ளம் கோணல், அல்லது ஒடுக்கம். தளர்த்தியும் ஓடவில்லை என்றால் கைப்பிடித் தகடுகளைத் தளர்த்திப் பாருங்கள். அதில் சரியானால் இரு பக்கத் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. பூட்டை முழுக்க வெளியே எடுத்து மேசையில் வைத்துத் திருப்பியும் இறுகினால் மட்டும் கடைக்குப் போகலாம்.

மூடினால் தாழ் விழவில்லை

இதற்கு முதல் கருவி சாக்பீஸ். தாழின் முனையில் நன்றாகத் தேய்த்து, கதவை மூடி, சாவியை இடிக்கும்வரை திருப்பி, பின்வாங்கித் திறங்கள். நிலையில் இருக்கும் தகட்டில் வெள்ளைக் கறை எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓட்டைக்குக் கீழே படிந்திருந்தால் கதவு தொங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மேல் இடைவெளியைக் கவனியுங்கள். கீல் பக்கம் ஒடுங்கி, பூட்டுப் பக்கம் அகன்றிருந்தால் சந்தேகம் உறுதி. அப்போது தகட்டைத் தொட வேண்டியதே இல்லை. மேல் கீலின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள்; பிடிப்பு இல்லாவிட்டால் நிலைக்குள் ஆழமாகப் போகும் நீள ஸ்க்ரூ ஒன்றைப் போடுங்கள். தேவைப்படுகிற கருவி ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். தொங்குகிற கதவுக்கு ஏற்றபடி தகட்டை அராவினால், ஆறு மாதம் கழித்து மறுபடி அராவ வேண்டிவரும்.

கதவு நேராகத்தான் இருக்கிறது, கறை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் விலகியிருக்கிறது என்றால் அரம் எடுங்கள். இந்த இடத்தில் பலர் செய்வது, தகடு மாட்டியிருக்கும்போதே உளியை வைத்து மரத்தைக் குடைவது. உளியின் முனை தகட்டில் பட்டு ஒடியும்; தகடு அப்படியே இருக்கும். தகட்டைக் கழற்றி வைஸில் பிடித்து, தட்டை அரத்தால் வேண்டிய பக்கம் மட்டும் அராவுங்கள். பிறகு மாட்டிப் பார்த்து, பின்னால் மரம் துருத்திக்கொண்டிருந்தால் அதை மட்டும் உளியால் எடுங்கள்.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் என்றால் தகட்டையே நகர்த்துவது நல்லது. ஆனால் பழைய ஸ்க்ரூ துளைக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் தள்ளிப் புதுத் துளை போட்டால், ஸ்க்ரூ வழுக்கிப் பழைய துளைக்குள்ளேயே போய் விழும். பழைய துளையில் பசை தடவி, மரக்குச்சி சீவி அடைத்து, காய விட்டு, முனையை உளியால் மட்டமாகச் சீவிவிட்டுத்தான் புதுத் துளை.

இன்னொரு தடம் உண்டு. சாவி முக்கால்வாசி திரும்பிவிட்டுக் கடைசிக் கொஞ்சத்தில் நிற்கும். தாழ் ஓட்டைக்குள் போய்விட்டது, ஆனால் அடியில் இடிக்கிறது. நிலையில் துளையின் ஆழம் போதவில்லை. தாழ் எவ்வளவு வெளியே நீள்கிறது என்று அளந்து, அதைவிட 3 மி.மீ. கூடுதலாக பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துத் துளையுங்கள். உளியால் ஆழப்படுத்தப் பார்த்தால் அடியில் நார் நாராக நிற்கும். தாழ் அதில்தான் முட்டும்.

கையில் ஓடுகிறது, கதவுக்குள் போனால் இறுகுகிறது

மார்ட்டிஸ் பூட்டு மாட்டுகிறவர்களை அதிகம் படுத்துவது இதுதான். கதவின் விளிம்பில் ஆழமாகக் குடைந்து, பூட்டுப்பெட்டியை உள்ளே தள்ளும் வேலை. பெட்டி கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும்; முகத்தட்டைப் பிடித்து இழுத்தால் வெளியே வர வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கிய பெட்டியின் தகடுகள் உள்ளுக்குள் நெரிந்து நாக்கை, அதாவது கைப்பிடியை அழுத்தினால் உள்ளே போகும் முனையை, பிடித்துக்கொள்ளும். அது பூட்டின் குற்றமாகுமா?

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க, மெத்தென்ற பென்சிலால் பெட்டியின் இரு பக்கங்களையும் கருப்பாக்கி, உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். பள்ளத்தின் சுவரில் கரி படிந்த இடம்தான் மேடு. வாய்ப்பக்கம் மட்டும் கரி என்றால் லேசான வேலை. ஒரு சுவரில் வாய்ப்பக்கமும், எதிர்ச் சுவரில் அடிப்பக்கமும் கரி படிந்திருந்தால் பள்ளமே சாய்ந்துவிட்டது. டிரில் பிட் வழிதவறிப் போயிருக்கிறது.

வழிதவற வைப்பதில் முதலிடம் ஃபிளாட் பிட்டுக்கு. மண்வெட்டி மாதிரி தட்டையாக, நடுவில் கூராக இருக்குமே, அது. விலை குறைவு, வேகமாகத் தோண்டும். ஆனால் அது மரத்தை வெட்டுவதைவிடச் சுரண்டுகிறது. வழியில் கொஞ்சம் கடினமான நார் வந்தால் மென்மையான பக்கம் ஒதுங்கிவிடும். பக்கத்துத் துளையின் ஓரமாக அடுத்த துளை போட்டால் பழைய துளைக்குள் சரிந்து விழும். ஒரே ஒரு துளைக்கு அது போதும். வரிசையாகத் துளைத்துப் பள்ளம் எடுப்பதற்கு நான் அதைத் தொடுவதில்லை.

ஃபோர்ஸ்ட்னர் பிட் அப்படி அலையாது. அதன் வட்ட விளிம்பே அதற்கு வழிகாட்டி என்பதால், பாதித் துளை மேல் துளை வந்தாலும் நகராது. அடியும் மட்டமாக இருக்கும். குறை என்னவென்றால் நீளம் கம்மி. ஆழமான பூட்டுப்பெட்டி என்றால் எக்ஸ்டென்ஷன் தண்டு வேண்டும். தூளும் தானாக வெளியே வராது; அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தட்ட வேண்டும். ஆகர் பிட், அதாவது நுனியில் திருகும் உடம்பெல்லாம் முறுக்குமாக இருப்பது, ஆழத்துக்கு மிக நல்லது. நுனித் திருகு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் துளைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றக் கூடாது. நடுவே இரண்டு மில்லிமீட்டர் மரத்தை விட்டுவிட்டுத் துளைத்து, அந்தச் சுவர்களைப் பிறகு உளியால் உடையுங்கள்.

பிட்டின் அளவை ஊகிக்க வேண்டாம். பெட்டியின் தடிமனை வெர்னியரில் அளந்து, ஒரு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 15 மி.மீ. பெட்டிக்கு 16 மி.மீ. பிட். 35 மி.மீ. கதவில் இது இரு பக்கமும் ஒன்பதரை மில்லிமீட்டர் மரத்தை விட்டுவைக்கும். தாராளமாக இருக்கட்டும் என்று 22 மி.மீ. பிட் போட்டால் மிஞ்சுவது ஆறரை. நடுக்கோடு கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் பப்படம் மாதிரி ஆகிவிடும்.

நடுக்கோட்டுக்கு டேப் அளவு போதாது. மார்க்கிங் கேஜை (விளிம்புக்கு இணையாக ஊசியால் கோடு கீறும் கருவி) உத்தேசமாகப் பாதித் தடிமனுக்கு வைத்து, கதவின் முன்முகத்தை ஒட்டி ஒரு கோடு, பின்முகத்தை ஒட்டி ஒரு கோடு இழுங்கள். இரண்டு கோடுகள் தெரிந்தால் உண்மையான நடு அவற்றுக்கு இடையில் இருக்கிறது. கேஜைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இழுங்கள். இரண்டும் ஒன்றாக விழும்போது நடு கிடைத்துவிட்டது. கேஜின் ஊசி விட்டுப்போகும் கீறல், பிட்டின் முனை சறுக்காமல் உட்காரவும் இடம் கொடுக்கும். பென்சில் கோடு அதைச் செய்யாது.

டிரில்லை நேராகப் பிடிப்பது தனிக் கலை. கதவைக் கழற்றி, விளிம்பு மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஆடாமல் முட்டுக்கொடுத்துத் துளைத்தால் பாதிக் கஷ்டம் குறையும். பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு பிட் அதற்கு இணையாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். கதவைக் கழற்ற முடியாமல் மாட்டிய நிலையிலேயே துளைக்கிறீர்கள் என்றால் ஒரு தந்திரம் உண்டு. பிட்டின் வழவழப்பான தண்டில் ஒரு பெரிய வாஷரைத் தொங்கவிடுங்கள். டிரில் சுற்றும்போது வாஷர் முன்னால் ஓடினால் முனை தாழ்ந்திருக்கிறது. உங்கள் பக்கம் வந்தால் முனை உயர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தால் மட்டம் சரி. பக்கவாட்டுச் சாய்வை அது சொல்லாது, அதற்குக் கண்தான்.

அப்புறம் உளி. துளைகள் விட்டுப்போன அலைஅலையான சுவரைச் சமன்படுத்த, கையில் இருக்கும் சின்ன உளியையே எடுப்பது பெரிய தவறு. 6 மி.மீ. உளி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்து இன்னும் ஆழமாக்கும். சுவருக்கு 25 மி.மீ. அகல உளி. அதன் தட்டையான முதுகைச் சுவரோடு ஒட்டி, கையாலேயே தள்ளிச் சீவுங்கள். அகலம் கூடியதால் மேடுகளில் மட்டும்தான் படும். பள்ளத்தின் இரு முனைகளை நேராக்க 12 மி.மீ. உளி, அங்கே கொட்டாப்புளியால் தட்டலாம். இரும்புச் சுத்தியலால் மரப்பிடி உளியை அடித்தால் பிடி பூவாய் விரிந்துவிடும்; அடியின் அளவும் கைக்கு வராது.

உளி வைத்த இடமெல்லாம் பிளக்கிறது

முனை மழுங்கியிருக்கிறது. பத்தில் ஒன்பது முறை அவ்வளவுதான். கதவுக்கு வெளியே ஒரு துண்டு மரத்தின் வெட்டு முகத்தில் சீவிப் பாருங்கள். பளபளவென்று சுருள் வந்தால் கூர் இருக்கிறது. தூளாகவோ நசுங்கியோ வந்தால் தீட்டுக்கல்லுக்குப் போங்கள். 25 பாகையில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டினால் கதவு மரத்துக்குப் போதும். தேக்குக்குள் நுண்ணிய மணற்சத்து இருப்பதால் கூர் சீக்கிரம் போய்விடும். தேக்குக் கதவு என்றால் நடுவில் இரண்டு மூன்று முறை தீட்ட வேண்டியிருக்கும் என்று முன்பே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கூர் இருந்தும் பிளந்தால் வெட்டும் வரிசை தவறு. நாருக்குக் குறுக்கே இருக்கும் இரு முனைகளையும் முதலில் வெட்டி நிறுத்திவிட வேண்டும். நார் ஓடும் திசையில் முதலில் உளியை அடித்தால் பிளவு கோட்டைத் தாண்டி ஓடும். பிடிக்க ஆளில்லை.

முகத்தட்டு மட்டமாக உட்காரவில்லை

துருத்திக்கொண்டிருந்தால் கதவு நிலையில் உரசும். புதைந்திருந்தால் அசிங்கமாகத் தெரியும், நாக்கும் நிலைக்கு எட்டாமல் போகும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பென்சிலால் கோடு போட்டு, உளியை நேரே அடித்து இறக்கியது.

பூட்டைப் பள்ளத்தில் வைத்து, தட்டைச் சுற்றிக் கூரான கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்திக் கீறலுக்குக் கிடையாது. பிறகு மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்றாக, தட்டின் தடிமன் ஆழத்துக்குக் குறுக்கு வெட்டுகள் போட்டு, பக்கவாட்டிலிருந்து உளியைப் படுக்க வைத்துச் சீவி எடுங்கள். மீன் செதில் மாதிரி வரிசையாகப் பெயரும். நிறையக் கதவு இருந்தால் சின்ன ரூட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மின்கருவி) லாபம். ஆழத்தை ஒருமுறை வைத்தால் எல்லாக் கதவிலும் ஒரே மட்டம் கிடைக்கும். மூலைகளை மட்டும் உளியால் சதுரமாக்கினால் சரி. ஒற்றைக் கதவுக்கு ரூட்டரைப் பூட்டி, மட்டம் வைத்து, தாங்குகட்டை கட்டி முடிப்பதற்குள் உளியால் வேலையே முடிந்திருக்கும்.

ஏற்கெனவே ஆழமாகிவிட்டதா? தட்டின் பின்னால் கெட்டி அட்டையையோ மெல்லிய மரச்சீவலையோ வெட்டி வையுங்கள். யாருக்கும் தெரியாது.

துளையின் ஓரம் பிய்ந்திருக்கிறது

உருளைக் குமிழ்ப் பூட்டுகளுக்குக் கதவின் முகத்தில் 54 மி.மீ. துளை வழக்கம். அதற்கு ஹோல் சா, அதாவது விளிம்பில் பற்கள் உள்ள கிண்ணம் மாதிரியான வட்ட ரம்பம்தான் கருவி. ஒரே பக்கத்திலிருந்து முழுக்கத் துளைத்தால், மறுபக்கம் வெளிவரும் பற்கள் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். நடுவிலிருக்கும் சின்ன பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் போய், அதே ஓட்டையில் பிட்டை நுழைத்து மீதியைத் துளையுங்கள். வெனீர் ஒட்டிய கதவென்றால் வட்டத்தைக் கத்தியால் முன்பே கீறிவிடுங்கள். மெதுவான வேகம் போதும். புகை வந்தால் பற்களுக்கிடையே தூள் அடைத்திருக்கிறது, அல்லது பல் மழுங்கிவிட்டது, அழுத்திப் பயனில்லை.

பிய்ந்த இடம் கைப்பிடித் தகட்டுக்குள் மறையுமா என்று முதலில் வைத்துப் பாருங்கள். மறைந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

கைப்பிடி அழுத்தினால் திரும்பி எழவில்லை

நானே மாட்டிக்கொண்ட இடம் இது. விளிம்பிலிருந்து துளையின் மையம் வரை உள்ள தூரத்தை பேக்செட் என்பார்கள். குமிழ்ப் பூட்டுகளில் அது பெரும்பாலும் 60 அல்லது 70 மி.மீ. முன்முகத்தில் 60 அளந்து குறித்தேன், பின்முகத்திலும் 60 அளந்து குறித்தேன், இரு பக்கமிருந்தும் துளைத்தேன். கைப்பிடி மாட்டினால் எருமை மாதிரி படுத்துக்கொண்டது. காரணம் புரிய ஒரு மத்தியானம் போயிற்று. கதவின் விளிம்பை, மூடும்போது நிலையில் இடிக்காமலிருக்க லேசாகச் சாய்த்து இழைத்திருந்தார்கள். மூன்று பாகைச் சாய்வு, 40 மி.மீ. தடிமனில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் தரும். இரண்டு துளைகளும் அந்த அளவு விலகிப்போயின. நடுவே போகும் சதுரக் கம்பி கோணலாக நின்றது.

மூலைமட்டத்தை விளிம்பில் வைத்தால் இந்தச் சாய்வு உடனே தெரியும். வெளிச்சம் ஒரு பக்கம் கசியும். சாய்வு இருந்தால் விளிம்பின் நடுக்கோட்டிலிருந்து அளந்து, ஒரு முகத்தில் மட்டும் குறித்து, மெல்லிய பிட்டால் நேராக மறுபக்கம்வரை துளையுங்கள். அந்த ஓட்டைதான் பின்முகத்துக்கும் மையம். இரண்டாம் முறை அளக்கவே கூடாது.

ஏற்கெனவே விலகியிருந்தால் வட்ட மர அரத்தால் எந்தப் பக்கம் கம்பி உரசுகிறதோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அராவினால் போதும். அதற்கு முன், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நீள ஸ்க்ரூக்களை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். வெறும் அதிக இறுக்கமாகவும் இருக்கலாம்.

ஸ்க்ரூ வழுக்குகிறது, தலை நைந்துவிட்டது

முன்துளை போடாமல் பேட்டரி டிரில்லால் ஏற்றியிருப்பீர்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்குக் கடினமான மரத்தில் 3 மி.மீ. பிட், மென்மையானதில் இரண்டரை. கடைசி இறுக்கம் கையால். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி, மரையைப் பதிய வைத்துவிட்டு, பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவி ஏற்றுங்கள். நேரடியாக ஏற்றினால் கழுத்து ஒடியும். பாதி உள்ளேயே தங்கிவிடும். பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கதவுகளின் விளிம்பில் முன்துளை இல்லாத ஸ்க்ரூ அடுக்குகளைப் பிரித்துவிடும்.

நாக்கு உள்ளே போனால் வெளியே வரவில்லை

மரத்தூள். பூட்டை மாட்டிவிட்டுக் கைப்பிடி ஸ்க்ரூக்களுக்குத் துளை போட்டீர்களா? தூள் நேராகப் பெட்டிக்குள் போயிருக்கும். கழற்றி, ஊதி, தட்டி எடுங்கள். சாவித் துளையில் எண்ணெய் விடாதீர்கள், தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் பொடி போதும். இனி எல்லாத் துளையும் போட்டு, கூட்டிச் சுத்தம் செய்த பிறகே பெட்டி உள்ளே போகட்டும்.

பழைய துளை சின்னது, புதுப் பூட்டுக்குப் பெரியது வேண்டும்

ஹோல் சாவை வைத்தால் நடு பிட்டுக்குப் பிடிக்க மரமே இல்லை. பற்கள் கதவின் மேல் நாட்டியம் ஆடி முகமெல்லாம் கீறிவிடும். உளியால் வட்டத்தைப் பெரிதாக்குவது பார்க்கச் சகிக்காது. ஒரு பிளைவுட் துண்டில் 54 மி.மீ. துளை போட்டு, அதைக் கதவில் சரியான இடத்தில் கிளாம்பால் அழுத்திப் பிடித்து, நடு பிட்டைக் கழற்றிவிட்டு ஹோல் சாவை அந்தத் துளைக்குள் இறக்குங்கள். பிளைவுட் அதை அசையவிடாது. பாதி ஆழம் போனதும் கதவிலேயே வழி பதிந்துவிடும். பிளைவுட்டை எடுத்துவிட்டு மீதியைத் துளைக்கலாம். இந்த முறையில் கடைசி வரை ஒரே பக்கமிருந்துதான் வருவீர்கள், ஆகவே மறுபக்கம் ஒரு வேண்டாத கட்டையை வைத்துக் கிளாம்ப் போட மறக்க வேண்டாம்.